வெளிமாநிலத்துக்குக் குடிபோகும் முன்

(நமது அறக்கட்டளையின் சார்பில் துடியலூரில் நடந்த குடும்ப ஆலோசனைக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

இன்றைக்கு மார்க்கச் சொற்பொழிவு செய்ய நான் நிற்கவில்லை. அதற்கு ஹஜ்ரத் இருக்கிறார்கள். சாமான் கட்டுவது, லாரி பேசுவது, வாடகை வீடு தேடுவது என்று வீட்டுச் சமாச்சாரம்தான் பேசப் போகிறேன். ஆனால் கேட்டு முடிக்கும்போது, இதற்குள்ளும் மார்க்கம் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும், இன்ஷா அல்லாஹ்.

நான் சிறுவனாக இருந்தபோது நம் மஹல்லாவில் ஒருவர் வெளியூர் போகிறார் என்றால் அது பெரும்பாலும் அரபு நாடு. ஒரு பெட்டி, ஒரு பாய், ஊறுகாய்ப் பாட்டில் ஒன்று. ஆண் மட்டும் போவார், குடும்பம் இங்கேயே இருக்கும், வீடு மாறாது. இன்றைக்கு அப்படியில்லை. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையனுக்கு திடீரென்று ஹைதராபாத் என்கிறார்கள். பம்ப் கம்பெனியில் இருப்பவரைக் கம்பெனி புனேவுக்கு அனுப்புகிறது. பெண்பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போகிறார்கள். மனைவி, மக்கள், கிரைண்டர், பீரோ என்று முழுக் குடித்தனமும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் போகிறது. போகிறவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு என்னிடம் வந்து ஸலாம் சொல்லும்போது, "எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சா?" என்று கேட்பேன். "ஆயிடுச்சுங்க பாய்" என்பார்கள். மூன்று மாதம் கழித்து போன் வரும். லாரிக்காரன் ஏமாற்றிவிட்டான், அட்வான்ஸ் திரும்ப வரவில்லை, பிள்ளைக்கு ஸ்கூலில் சீட் இல்லை, பெயரைக் கேட்டதும் வீடு தர மறுக்கிறார்கள். இந்தப் போன்களைக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கூட்டத்தை வைத்திருக்கிறோம்.

ஹிஜ்ரத்தில் இருக்கும் பாடம்

குடிபெயர்வதற்கு நமக்கு முன்மாதிரி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத். கி.பி. 622-ல் மக்காவை விட்டு மதீனாவுக்குப் போன அந்தப் பயணத்தை வருடாவருடம் முஹர்ரம் மாதத்தில் பயானில் கேட்கிறோம். அதை ஒரு குடும்பம் வீடு மாறும் கண்ணோட்டத்தோடு ஒருமுறை பாருங்கள்.

முதலாவது, அமானிதம். நபியவர்களை எதிர்த்த மக்காவாசிகளே தங்கள் பொருள்களை அவர்களிடம்தான் நம்பிக் கொடுத்து வைத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தான அந்த இரவிலும், அந்தப் பொருள்களை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். அலீ (ரலி) மூன்று நாள் தங்கி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

இரண்டாவது, வழிகாட்டி. அப்துல்லாஹ் பின் உரைக்கித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் பாதை தெரிந்தவர், நம்பிக்கையானவர். இரண்டு ஒட்டகங்களை முன்கூட்டியே அவரிடம் கொடுத்து, மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நாள், இடம், வாகனம் எல்லாம் முதலிலேயே பேசி முடிவான விஷயம். அல்லாஹ்வின் மீது முழு நம்பிக்கை வைத்த நபிதான் ஏற்பாட்டையும் முழுமையாகச் செய்தார்கள்.

மூன்றாவது, மூட்டை கட்டுதல். பயண உணவை வைத்துக் கட்டக் கயிறு கிடைக்காதபோது, அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) தன் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார்கள். இரு கச்சைகளுக்குரியவர் என்ற பட்டப்பெயர் அதனால்தான் வந்தது. சாமான் கட்டிக்கொடுக்கும் பெண்களின் வேலை சின்ன வேலையல்ல, சகோதரிகளே. அது வரலாற்றில் பெயரோடு நிற்கிறது.

புறப்படும் முன் ஊரில் முடிக்க வேண்டியவை

எனவே அட்டைப்பெட்டி வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து என்ன இரவல் வாங்கினோம் என்று எழுதுங்கள். மளிகைக்கடைப் பாக்கி, பால்காரர் கணக்கு, சீட்டுப் பணம், பக்கத்து வீட்டுத் தேக்சா, மக்தபிலிருந்து எடுத்துவந்த கிதாபு எல்லாம் அதில் வரட்டும். ஊரை விட்டுப் போன பிறகு நூறு ரூபாய்க் கடனுக்காக யாரும் புனே வரை வந்து கேட்க மாட்டார். கேட்கவில்லை என்பதால் அது தீர்ந்துவிடாது. பகை இருந்தால் போய்க் கைகொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்தது காகிதங்கள். கேஸ் இணைப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெர்மினேஷன் வவுச்சர் வாங்குங்கள். டெபாசிட்டும் திரும்பும், புதிய ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பும் பெறலாம். வண்டி கொண்டுபோகிறவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று கேளுங்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலத்துப் பதிவு எண்ணுக்கு மாற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற இப்போது படிவம் 8. இதைச் சிறிய விஷயமாக நினைக்க வேண்டாம். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று ஆகிவிட்டால் ஓட்டு மட்டும் போவதில்லை, நாம் இருக்கிறோம் என்பதற்கான ஓர் அத்தாட்சியும் போகிறது.

பிள்ளைகளின் டி.சி. வாங்கும்போது, வேறு மாநிலப் பள்ளி என்று சொல்லி, கல்வி அலுவலரின் மேலொப்பம் வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள். அங்கே போய்த் தெரிந்தால் ஒரு கையெழுத்துக்காக ஒரு ரயில் பயணம். இன்னொன்று, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இட ஒதுக்கீடு 2007-ல் கிடைத்தது. அது தமிழ்நாட்டு ஒதுக்கீடு. பக்கத்து மாநிலத்துக் கல்லூரியில் அந்தச் சான்றிதழைக் காட்டிப் பயனில்லை. பிள்ளை வெளியே படித்துவிட்டுப் பின்னால் தமிழ்நாட்டில் மருத்துவமோ பொறியியலோ சேர விரும்பினால் இருப்பிடச் சான்று கேட்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை இங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் பிள்ளையை மாற்றும்போதே இதையெல்லாம் யோசிக்க வேண்டும். போக வேண்டாம் என்று சொல்லவில்லை, தெரிந்துகொண்டு போங்கள் என்கிறேன்.

சாமானும் லாரியும்

எதைக் கொண்டுபோவது என்பதில்தான் வீட்டில் முதல் சண்டை. என் அனுபவத்தில், வாடகையை விட விலை குறைந்த சாமானைக் கொண்டுபோகக் கூடாது. பழைய பிளைவுட் கட்டில், ஆடும் மேஜை, ஓட்டை ட்ரம் இவற்றை ஆயிரம் கிலோமீட்டர் சுமந்து போய் அங்கே வீசுவதைவிட இங்கேயே தேவைப்பட்டவருக்கு ஸதகாவாகக் கொடுத்துவிடலாம். கொடுப்பது உபயோகப்படும் பொருளாக இருக்கட்டும். குப்பையைக் கொடுத்துவிட்டு ஸதகா என்று பெயர் வைக்கக் கூடாது.

நம்ம கோயமுத்தூர் கிரைண்டரை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வடக்கே தேடி அலைய வேண்டியிருக்கும். கல்லைத் தனியே எடுத்து, பழைய துணி சுற்றி, தனிப்பெட்டியில் வையுங்கள். கல்லோடு டிரம்மை அனுப்பினால் குலுங்கிக் குலுங்கி டிரம் நசுங்கிப் போகும். புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். பெரிய பெட்டி நிறையப் புத்தகம் வைத்தால் தூக்குகிறவர் இடுப்பு போகும், பெட்டி அடியும் போகும். பவானி ஜமுக்காளம் இருந்தால் பீரோக் கண்ணாடிக்கு அதைவிட நல்ல உறை கிடையாது. குர்ஆன் பிரதிகளைத் துணியில் சுற்றிக் கைப்பெட்டியில் உங்களோடு எடுத்துப் போங்கள். நகை, பத்திரம், சான்றிதழ், மருந்துச் சீட்டு இவையும் லாரியில் ஏறக்கூடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பர் போட்டு, எதில் என்ன என்று நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் சமைக்க ஒரு பாத்திரம், பாய், பக்கெட், பல்பு, தொழுகை விரிப்பு இவற்றை "கடைசியில் ஏற்று, முதலில் இறக்கு" என்று எழுதிய ஒரே பெட்டியில் வையுங்கள்.

லாரி விஷயத்தில் ஏமாற்று அதிகம். பிரபலமான கம்பெனியின் பெயரைப் போலவே பெயர் வைத்து, போனில் பாதி விலை சொல்வார்கள். சாமான் ஏறி வண்டி மாநில எல்லை தாண்டியதும், "வெயிட் கூடிப்போச்சு, இன்னும் இருபதாயிரம் போடு, இல்லேன்னா குடோனில் இறக்கிருவோம்" என்பார்கள். உங்கள் குடித்தனமே அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? எனவே வீட்டுக்கு நேரில் வந்து சாமானைப் பார்க்காமல் விலை சொல்பவரிடம் பேசாதீர்கள். ஜி.எஸ்.டி. எண் கேட்டு, அந்தத் துறையின் இணையதளத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முழு வண்டியா, பலர் சாமானோடு சேர்த்து ஏற்றுவதா, வழியில் வேறு வண்டிக்கு மாற்றுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். எல்.ஆர். எனும் சரக்கு ரசீது இல்லாமல் வண்டியை நகரவிடாதீர்கள். சாமானின் மதிப்பையும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். மதிப்பை எழுதாவிட்டால், உடைந்தால் கிடைக்கும் ஈடு மிகக் குறைவு. 2007-ஆம் வருடச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சேதம் ஏற்பட்டால் புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். போனில் சண்டை போடுவது நோட்டீஸ் ஆகாது.

சின்னக் குடும்பமாக இருந்தால் லாரியே வேண்டியதில்லை. நான்கைந்து பெட்டியை ரயில் பார்சலில் போடலாம். பைக்கும் அப்படியே போகும். டேங்கில் பெட்ரோல் இருக்கக் கூடாது, ஆர்.சி. நகல் வேண்டும்.

வீடு தேடுவது

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம். பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் பழக்கம். இப்போது பல இடங்களில் குறைந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட மாதிரிச் சட்டம் வீட்டுக்கு இரண்டு மாதம் என்கிறது. ஆனால் அது மாதிரிதான், மாநிலம் ஏற்றால்தான் சட்டம். மகாராஷ்டிராவில் வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்வது கட்டாயம். டெல்லி போன்ற நகரங்களில் குடிவருபவர் விவரத்தை வீட்டுக்காரர் காவல்நிலையத்தில் தர வேண்டும். போலீஸ் என்றதும் நம் பெண்கள் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, எல்லோருக்கும் உள்ள நடைமுறைதான். நாமே முன்வந்து செய்துகொண்டால் நமக்குப் பாதுகாப்பு.

வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், திடீர் மாறுதல், டோக்கன் மட்டும் போடுங்கள்" என்று க்யூ.ஆர். கோடு அனுப்பும் மோசடி நாடெங்கும் நடக்கிறது. நேரில் போனால் தண்ணீர் எத்தனை மணி நேரம் வரும் என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டில் கேளுங்கள். மின்கட்டண ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பணத்தை வங்கி வழியே கொடுங்கள். குடிபோகும் அன்றே ஒவ்வோர் அறையையும் போனில் வீடியோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது சுவரில் கீறல், குழாயில் கசிவு என்று பிடித்தம் செய்யும் பேச்சு பாதி குறையும்.

இப்போது போக்கியம் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் இதை லீஸ் என்பார்கள். எட்டு லட்சம், பத்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருப்பது. "மாசாமாசம் வாடகை இல்லை, கடைசியில் முழுப் பணமும் வந்துரும்" என்று நம் குடும்பங்களுக்கு இதில் ஆசை. கொடுத்த பணம் கடன், அந்தக் கடனுக்காக இலவசமாக வீட்டை அனுபவிப்பது வட்டியின் வாசலுக்குள் போய்விடும் என்று உலமாக்கள் பலர் எச்சரிக்கிறார்கள். முன்பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும், நியாயமான வாடகை பேசி மாதாமாதம் கொடுப்பதே மனதுக்கு நிம்மதி. உங்கள் விஷயத்தை ஹஜ்ரத்திடம் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கத்தோடு சேர்ந்து உலக ஆபத்தும் இதில் உண்டு. வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். அல்லது போக்கியம் கொடுப்பவரே அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவராக இருப்பார். ஒருநாள் வங்கிக்காரர் வந்து பூட்டும்போது உங்கள் பத்து லட்சம் எங்கே என்று தேட வேண்டும். சொத்து மாற்றுச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்து வைக்கும் அடமானம் நூறு ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்ய வேண்டும். முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வது போதாது. வில்லங்கச் சான்று பார்க்காமல் பெரிய தொகை கொடுக்கவே கூடாது.

பெயரைக் கேட்டதும் மூடும் கதவு

இனி நான் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

2023-ல் என் மருமகனுக்கு புனேவில் வேலை. மகளும் மருமகனும் பேத்தியும் ஒரு விடுதி அறையில் தங்கி வீடு தேடினார்கள். ஆபீஸ் ஹிஞ்சவடிப் பக்கம். நான் துணைக்கு குர்லா எக்ஸ்பிரஸ் ஏறிப் போனேன். தினமும் மகள் போன் செய்வாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நன்றாகத்தான் பேச்சு ஆரம்பிக்கும். எத்தனை பேர், எங்கே வேலை, எந்த ஊர். தமிழ்நாடு என்றதும் சந்தோஷப்படுவார்கள். அப்புறம் பெயர். அதோடு குரல் மாறிவிடும். "வெஜிடேரியனுக்கு மட்டும்தான்" என்பார் ஒருவர். "சொசைட்டியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்" என்பார் இன்னொருவர். பதினான்காவது வீட்டுக்குப் பேசி முடித்துவிட்டு மகள் சொன்னாள்: "வீடு இருக்குன்னுதான் சொன்னாங்க அத்தா. பேரைக் கேட்டாங்க. இப்ப வீடு பேசி முடிஞ்சிருச்சாம்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இது என் மகளுக்கு மட்டும் நடந்ததல்ல. நடிகை ஷபானா ஆஸ்மி, மும்பையில் தனக்கே முஸ்லிம் என்பதால் வீடு கிடைக்கவில்லை என்று 2008-ல் வெளிப்படையாகச் சொன்னார். சச்சார் குழுவின் 2006 அறிக்கையிலும் இந்தக் குறை பதிவாகியிருக்கிறது. பேராசிரியர் சுக்தேவ் தோரட் குழுவினர் டெல்லிச் சுற்றுவட்டாரத்தில் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்ட கட்டுரையும், தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீட்டுக்கு மறுக்கப்படுவதைக் காட்டியது. அரசு மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. ஆனால் தனியார் ஒருவர் மதத்தைப் பார்த்துத் தன் வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. எனவே வழக்குப் போட்டு வீடு பிடிக்க முடியாது.

என்ன செய்யலாம்? பெயரை மறைக்காதீர்கள். மறைத்துப் போன வீட்டில் நிம்மதியாக ஒரு நாள் தொழ முடியாது. முதல் வாக்கியத்திலேயே பெயரைச் சொல்லிவிடுங்கள், மறுப்பவர் உடனே மறுக்கட்டும், உங்கள் நேரமாவது மிஞ்சும். அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். தெரிந்தவர் சிபாரிசுக்குத் திறக்கும் கதவுகள் விளம்பரத்துக்குத் திறப்பதில்லை. அந்த ஊர்ப் பள்ளிவாசலில் இமாமைப் பாருங்கள்.

என் மகளுக்குக் கடைசியில் கோந்த்வாவில் வீடு கிடைத்தது. நம் மக்கள் நிறைய இருக்கும் பகுதி. பள்ளிவாசல் பக்கம், ஹலால் கறி பக்கம். ஆனால் ஆபீஸ் ஊரின் மறுகோடியில். மருமகனுக்குப் போக வர தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல். பேத்தி தூங்கிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார். பெயருக்காக ஒரு குடும்பம் கட்டும் வாடகை இது. 1998-க்குப் பிறகு நம் கோவையிலேயே பல குடும்பங்கள் கலந்திருந்த தெருக்களை விட்டு உக்கடம், கரும்புக்கடைப் பக்கம் ஒதுங்கிப் போனதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். பாதுகாப்பும் உண்டு, இழப்பும் உண்டு.

நம் வீட்டு மாடி

இதோடு முடித்திருந்தால் நான் நல்லவனாக இறங்கிப் போயிருப்பேன். ஆனால் அல்லாஹ் பார்த்துக்கொண்டிருக்கும்போது பாதியை மட்டும் சொல்ல மனம் வரவில்லை.

புனேயிலிருந்து நான் திரும்பி ஒரு மாதம் இருக்கும். என் வீட்டு மாடி அப்போது காலி. கேட்டில் "வீடு வாடகைக்கு" என்று போர்டு தொங்குகிறது. ஒரு சாயங்காலம் ஓர் இளைஞர் வந்தார். பக்கத்தில் ஃபவுண்டரியில் வேலை, ஊர் ஜார்க்கண்ட். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரிலிருந்து வருகிறார்களாம், வாடகை சொன்னபடி தருவதாகச் சொன்னார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "வீடு பேசி முடிஞ்சிருச்சுப்பா" என்றேன்.

அவர் போர்டை ஒருமுறை பார்த்தார். "சரிங்க" என்று போய்விட்டார்.

உள்ளே வந்து மஃக்ரிபுக்கு ஒளுச் செய்யும்போதுதான் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று உறைத்தது. என் மகளிடம் சொன்ன அதே வார்த்தை. ஓர் எழுத்து மாறவில்லை. தொழுதுவிட்டு ஃபவுண்டரி வாசலுக்குப் போய் விசாரித்தேன். மறுநாளும் போனேன். ஆள் கிடைத்தார், ஆனால் அதற்குள் வேறொரு லைன் வீட்டில் ஓர் அறைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு எதற்கு என்று புரியவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

இந்தச் சபையில் வாடகைக்கு வீடு விடும் குடும்பங்கள் பல இருக்கின்றன. நாம் யாருக்கெல்லாம் "முடிஞ்சிருச்சு" என்று சொல்லியிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பாருங்கள். வடக்கத்தித் தொழிலாளி, தாழ்த்தப்பட்ட சாதி என்று நாம் நினைக்கும் குடும்பம், கணவனை இழந்து பிள்ளையோடு நிற்கும் பெண். புனேவில் நமக்குக் கதவை மூடுபவரைக் குறை சொல்ல, முதலில் துடியலூரில் நம் கதவு திறந்திருக்க வேண்டும். ஆளை விசாரியுங்கள், ஆதாரங்களை வாங்குங்கள், ஒப்பந்தம் எழுதுங்கள், வாடகை ஒழுங்காகத் தருவாரா என்று பாருங்கள். அது உங்கள் உரிமை. பிறப்பைப் பார்த்து மறுப்பது மட்டும் வேண்டாம்.

போன ஊரில்

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முதலில் தங்கியது அபூ அய்யூப் அல்அன்சாரி (ரலி) அவர்களின் வீட்டில், பள்ளிவாசலும் அறைகளும் கட்டி முடியும்வரை சில மாதங்கள். வருகிறவர்களுக்கு வசதியாக நபியவர்கள் கீழ்த்தளத்தில், வீட்டுக்காரர் மேல்தளத்தில். ஒருநாள் மேலே தண்ணீர்ப் பானை உடைந்துவிட்டது. கீழே சொட்டி நபியவர்களுக்குத் தொந்தரவாகுமே என்று பதறி, போர்த்திக்கொள்ள இருந்த ஒரே போர்வையைப் போட்டு அபூ அய்யூபும் மனைவியும் அந்தத் தண்ணீரை ஒற்றி எடுத்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழப்போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் ஏது? கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டக் கூடாது, நள்ளிரவில் மிக்சி ஓடக் கூடாது, செருப்பு பக்கத்து வாசலில் கிடக்கக் கூடாது. குர்பானியின்போது படிக்கட்டில் ஒரு சொட்டு இரத்தம் இருக்கக் கூடாது. நம் அடுத்த பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தில் வீடு கிடைக்குமா என்பதை நாம் வாழ்ந்துவிட்டு வரும் விதம்தான் தீர்மானிக்கும்.

பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழலாம். ஹனபி மத்ஹபில் 15 நாளோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத் வைத்துவிட்டால் அங்கே முழுமையாகத் தொழ வேண்டும். ஷாபிஈ மத்ஹபில், போன நாளும் திரும்பும் நாளும் போக, நான்கு நாள். விடுமுறைக்கு இங்கே வரும்போது என்ன என்பதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். வீடு, சொத்து இங்கே இருப்பதைப் பொறுத்து விவரம் மாறும்.

கணவன்மார்களுக்கு ஒன்று. நீங்கள் காலையில் ஆபீஸ் போய்விடுவீர்கள். மொழி தெரியாத ஊரில் நாலு சுவருக்குள் பகல் முழுதும் இருப்பது உங்கள் மனைவி. ஹிந்தி நாலு வார்த்தை, கடைக்குப் போகும் வழி, பக்கத்துப் பெண் ஒருத்தியின் சினேகம், இந்த மூன்றும் கிடைக்கும்வரை பெட்டிகள் எல்லாம் பிரித்திருந்தாலும் வீடு இன்னும் குடியேறவில்லை என்றுதான் அர்த்தம்.

முடிவாக, நம் அறக்கட்டளை இரண்டு வேலைகளைத் தொடங்குகிறது. வெளியூரில் இருக்கும் நம் மஹல்லாக் குடும்பங்களின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கிறோம். புதிதாகப் போகிறவர் முதல் வாரம் யாரிடம் போய் ஒரு வாய்ச் சோறு சாப்பிடலாம், யார் வீடு பார்த்துத் தருவார் என்பது அதில் இருக்கும். சம்மதித்தவர்களின் பெயர் மட்டுமே சேரும், அலுவலகத்தில் மட்டுமே இருக்கும். இரண்டாவது, வீட்டு முன்பணத்துக்கு வட்டியில்லாக் கடன். முன்பணம் திரும்பும்போது கடனும் திரும்ப வேண்டும், அடுத்தவர் காத்திருப்பார். இதற்கு மூன்றாவதாக ஒன்றை உங்களிடம்தான் கேட்கிறேன். வாடகைக்கு வீடு இருப்பவர்கள், யார் வந்தாலும் பெயரையும் ஊரையும் கேட்டு மறுக்க மாட்டேன் என்று அலுவலகத்தில் வந்து எழுதித் தாருங்கள். என் மாடியை முதல் வரியில் எழுதிவிட்டேன்.

புறப்படுகிறவர்களுக்கு அல்லாஹ் பயணத்தை இலேசாக்குவானாக. போன இடத்தில் நல்ல அண்டைவீட்டாரைத் தருவானாக. நம்மையும் நல்ல அண்டைவீட்டாராக ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.